அண்ணன் மகனுக்கு ஏழு வயது நிறைகிறது, என்ன வாங்கித் தருவது?

தூரத்து அத்தை:
அடுத்த மாதம் என் அண்ணன் மகனுக்கு ஏழு வயது நிறைகிறது. நான் வேறு ஊரில் இருப்பதால் வருடத்துக்கு இரண்டு முறைதான் அவனைப் பார்க்க முடிகிறது. அந்த இரண்டு முறையும் அவன் வேறு ஆளாக வளர்ந்து நிற்கிறான். போன வருடம் ரிமோட் கார் வாங்கிப் போனேன். பெட்டியைப் பிரிக்கும்போது முகம் அப்படி மலர்ந்தது. மூன்றாம் நாள் கார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தக் காரில் அவன் அதிக நேரம் செய்த காரியம், பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததுதான்.

இந்த முறை அவன் நிஜமாகவே எடுத்து விளையாடும் ஒன்றைக் கொடுக்க ஆசைப்படுகிறேன். கடையில் பையன்களுக்கான வரிசை என்று கூட்டிப் போனால் கார், துப்பாக்கி, ரோபோ, மறுபடியும் கார். பெட்டியின் மேல் படம் பெரிதாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. இந்த வயதுப் பையன் உள்ளவர்கள், பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் பெட்டி:
யோசிக்காமல் லெகோ வாங்குங்கள். 1958-இல் காப்புரிமை பெற்ற அதே இணைப்புதான் இன்றும். அன்று செய்த கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். நான் சிறுவனாக இருந்தபோது வைத்திருந்த கட்டைகளைத்தான் இப்போது என் மகன் அவனுடைய கட்டைகளோடு கலந்து கட்டுகிறான். இப்படித் தலைமுறை தாண்டி நிற்கும் பொம்மை வேறு எது இருக்கிறது?

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே ஒரு வண்டியை அல்லது கப்பலை மட்டும் செய்யும்படி வரும் பெட்டி வேண்டாம். அப்பா உட்கார்ந்து கட்டி முடிப்பார், அது அலமாரி மேல் ஏறிவிடும், பையன் தொட்டால் திட்டு விழும். பல நிறக் கட்டைகள், கொஞ்சம் சக்கரம், கொஞ்சம் ஜன்னல் என்று கலவையாக வரும் பெட்டியே போதும்.

இரவுப்பணி:
நான் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எதையும் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் அவனைவிடச் சின்னக் குழந்தை இருக்கிறதா?

தூரத்து அத்தை:
இருக்கிறாள். தங்கை, ஒன்றரை வயது. கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குத்தான் போகிறது.

இரவுப்பணி:
அப்படியானால் நீங்கள் வாங்குவது ஏழு வயதுப் பையனுக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டுக்கு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொத்தான் பேட்டரி. சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்குமே, அதுதான். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பம்பரம், சின்ன ரிமோட், விளக்கு எரியும் சாவிக்கொத்து எல்லாவற்றிலும் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் வகைதான் மிகவும் ஆபத்து. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகலாம். பேட்டரி உடைந்து கசிய வேண்டும் என்றுகூட இல்லை. தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப்போடும் பேட்டரிக்கே அந்தக் கெடுதலைச் செய்யும் அளவுக்கு மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், இருமலோ வாந்தியோ வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அடுத்தது காந்த உருண்டைகள். பளபளவென்று கோத்து விளையாடுவது. ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடலாம். இரண்டு போனால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் சுவர் ஓட்டையாகும். அந்த மாதிரிக் குழந்தையை அறுவை அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே அம்மாவோடு நான் நின்றிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இந்த உருண்டைகளை யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் அகலம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் அந்தப் பொம்மையில் இருக்கக் கூடாது. வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் உள் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம், எனவே கூடுதல் பத்திரம். லெகோ கட்டை இந்தக் குழாய்க்குள் சுலபமாக நுழையும். பெட்டிக்குள் பெட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை. மூடி இறுக்கமான டப்பாவும், கதவு சாத்திய அறையும், பாப்பா தூங்கும் நேரமும் சேர்ந்தால் லெகோ சரி.

பெட்டிக்குள் பெட்டி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அக்கா. பெரிய கட்டையான டூப்ளோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் லெகோவுக்கு இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவும் செய்யும். ஆனால் ஏழு வயதுக்காரன் அதைப் பாப்பா பொம்மை என்று சொல்லிவிடுவான், அதுதான் பிரச்சினை.

இரட்டைவால்:
எனக்கு இரண்டு பையன்கள், எட்டும் ஐந்தும். பரிசு வாங்கும் அன்பான அத்தை, மாமா எல்லோரிடமும் ஒரு தாயாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். இன்ப அதிர்ச்சி பையனுக்கு இருக்கட்டும், அவன் அம்மாவுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாளில் பதினேழு பொருள் வந்தது. பெரியவன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து "அம்மா, போரடிக்குது" என்றான். அன்றைக்கு அவன்மேல் கோபப்பட்டேன். இப்போது யோசித்தால் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. 2018-இல் அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றில், நடைபழகும் வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். அது இன்னும் சின்னக் குழந்தைகள், சரி. ஆனால் என் வீட்டு எட்டு வயதிலும் அதையேதான் பார்க்கிறேன். பாதியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு மாதம் ஒருமுறை மாற்றி எடுக்கிறேன். பழைய பொம்மை புதுசாகிவிடுகிறது.

ஒலி எழுப்பும் பொம்மை வேண்டாம். ஒலியைக் குறைக்கும் பொத்தான் இல்லாதது என்றால் வேண்டவே வேண்டாம்.

எண்ணும் எழுத்தும்:
ஆரம்பப் பள்ளியில் பல வருடங்களாக இதே வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். தூரத்து அத்தை, உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். காரை ஓட்டியதைவிட மூடியைத் திறந்து உள்ளே பார்த்த நேரம்தான் அதிகம் என்றீர்கள். அவன் கார் பிடிக்காத பையன் இல்லை. கார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தவனுக்கு நாம் ஓட்டும் பொம்மையைக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஏழு வயதுப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தங்கள் பையனுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். என் வகுப்பில் ஒரே வயதில் ஒருவன் எறும்பு வரிசையின் பின்னாலேயே போவான், ஒருவன் எல்லோருக்கும் பேர் வைத்துக் கதை சொல்வான், ஒருவன் ஓடாமல் இருக்க மாட்டான். நான் பெற்றோரிடம் கேட்பது வேறு. யாரும் எதுவும் சொல்லாத அரை மணி நேரத்தில் அவன் கை எங்கே போகிறது? அண்ணியிடம் அதைக் கேளுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மூன்று வயதுக்கு மேல்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்பு எச்சரிக்கை, என் குழந்தை கெட்டிக்காரன் என்று அதைத் தாண்டக் கூடாது. 'எட்டு முதல் பன்னிரண்டு' என்று இருப்பது பெரும்பாலும் எவ்வளவு கடினம் என்பதற்கான கணிப்பு. அதில் ஒரு வருடம் முன்னே பின்னே போகலாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்.

தூரத்து அத்தை:
அண்ணியிடம் நேற்று இரவு முக்கால் மணி நேரம் பேசினேன். இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை.

அவனிடம் ஒரு தகர டப்பா இருக்கிறதாம். அதில் ஸ்க்ரூ, வாஷர், பேனா ஸ்பிரிங், உடைந்த பூட்டின் சாவி. யாராவது தொட்டால் எண்ணிப் பார்ப்பானாம். வீட்டு டார்ச்சைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல், பயந்து போய்த் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறான். கழற்றுவதற்கு அவன் எடுத்துக்கொண்டது சமையலறைக் கத்தியின் முனை. அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. அண்ணன் திட்டியதும், "உள்ள என்ன இருக்குன்னு பாத்தேன், அவ்ளோதான்" என்றானாம்.

இன்னொன்று, அவன் இடதுகைக்காரன். இதை நான் கவனிக்கவே இல்லை. ஏழு வருடமாக அத்தை, இதுகூடத் தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

தச்சன் மகன்:
இந்தப் பையனுக்குப் பொம்மை வாங்காதீர்கள், கருவி வாங்குங்கள். நிஜமான ஸ்க்ரூட்ரைவர்.

என் அப்பா தச்சர். எனக்கு ஆறு வயதில் ஒரு சின்னத் திருப்புளியைக் கையில் கொடுத்து, ஒரு பலகையில் பத்து ஸ்க்ரூவைப் பாதி இறக்கி வைத்து, "எடு, திரும்பப் போடு" என்றார். ஒரு மாதம் அதுதான் என் விளையாட்டு. பிளாஸ்டிக் கருவிப் பெட்டி எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூவின் பள்ளத்தில் வழுக்கும், பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். குற்றம் கருவியில் இருக்கிறது என்று அந்த வயதில் தெரியாது.

வாங்குவது இப்படி இருக்கட்டும். கூட்டல் குறி போன்ற ஸ்டார் முனை இரண்டு: பிஹெச் 1 என்ற அளவில் ஒன்று, அதைவிடச் சின்ன பிஹெச் 0 அளவில் ஒன்று. பொம்மைகளிலும் சின்னச் சாதனங்களிலும் இந்த இரண்டும்தான் அதிகம் வேலைக்கு வரும். தட்டை முனை ஒன்று. தண்டு குட்டையாக, பிடி தடிமனாக, ரப்பர் பூசியதாக இருக்கட்டும். நீளத் தண்டு சின்னக் கையில் ஆடும், வழுக்கினால் எதிர்க் கையில் குத்தும். சக்தி குறைவான காந்த முனை இருந்தால் நல்லது, ஸ்க்ரூ கீழே விழாது. கண்ணுக்கு அளவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று. ஸ்பிரிங் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இடதுகை என்றீர்களே, அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பும் அசைவில்தான் கைக்குப் பலம் அதிகம். வலதுகைக்காரனுக்கு அந்த அசைவு ஸ்க்ரூவை இறுக்கும் திசையில் வரும். இடதுகைக்காரனுக்கு அது கழற்றும் திசை. உங்கள் அண்ணன் மகன் கழற்றுவதில் கெட்டிக்காரனாக இருப்பதற்கு அவன் கையும் ஒத்துழைக்கிறது. இறுக்கும்போது கொஞ்சம் தடுமாறுவான். அப்போது அவசரப்படுத்தாதீர்கள், வலது கைக்கு மாற்றவும் சொல்லாதீர்கள்.

பெட்டிக்குள் பெட்டி:
தச்சன் மகன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவியைக் கொடுத்தால் எதைக் கழற்றுவான்? வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும்தான். அண்ணி பாவம் இல்லையா?

தச்சன் மகன்:
அதனால் கழற்றுவதற்கான பொருளையும் நீங்களே சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் பரிசின் பெரும்பகுதி.

ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று, பேட்டரியில் ஓடும் வகை. பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை நெம்பினால் பல்சக்கரங்கள் வரிசையாகத் தெரியும். வெள்ளி நிறத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உருளை இருக்கும். அதற்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் பதினைந்தாவது முறை ஒன்று வரும். விநாடிக்கு ஒரு துடிப்பு அப்படித்தான் கிடைக்கிறது. பையனிடம் இதைச் சொல்லுங்கள், தாளை எடுத்து வகுத்துப் பார்ப்பான். ஆனால் ஒரு சக்கரத்தோடு துளிப்போலக் காந்தம் ஒட்டியிருக்கும். பாப்பா இருப்பதால் அதைப் பெரியவர்களே முதலில் எடுத்துவிடட்டும்.

அப்புறம் வயர் உள்ள பழைய கணினி மவுஸ், பழைய விசைப்பலகை, பென்சில் பேட்டரி போடும் டார்ச். கழற்றி மாட்ட டார்ச் அருமையானது. சரியாக மாட்டினால் எரியும், தப்பாக மாட்டினால் எரியாது. யாரும் மதிப்பெண் போட வேண்டாம்.

கொடுக்கவே கூடாதவை: சுவர் மின்சாரத்தில் ஓடும் எதுவும், வயரை வெட்டிவிட்டாலும்கூட. மைக்ரோவேவ் அடுப்பிலும் பழைய குழாய் டிவியிலும் இருக்கும் கெபாசிட்டர் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளாஷ் உள்ள கேமராவும் அப்படித்தான், கையை உதறவைக்கும். செல்போன் வேண்டாம், லித்தியம் பேட்டரியில் முனை குத்தினால் தீப்பிடிக்கும். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரமும் பெரியவர் இல்லாமல் வேண்டாம், உள்ளே சுருண்டிருக்கும் வில் பாய்ந்து வரும்.

விண்மீன் பார்ப்பவன்:
கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். இந்த இழையைப் படிக்கும் வேறு யாராவது தொலைநோக்கி வாங்க நினைத்தால், '500 மடங்கு' என்று பெட்டியில் கத்தும் சின்னத் தொலைநோக்கியை வாங்காதீர்கள். முன்கண்ணாடியின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய அதுதான் பயனுள்ள உச்ச உருப்பெருக்கம். 50 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 100 மடங்கு, அதற்குமேல் கலங்கல்தான். ஆடும் முக்காலியில் அதுவும் கிடைக்காது. குழந்தை ஒருமுறை பார்ப்பான், ஒன்றும் தெரியாது, வானமே பிடிக்காமல் போய்விடும்.

அதற்குப் பதிலாக நல்ல இருகண் நோக்கி வாங்குங்கள். பகலில் பறவை, இரவில் நிலாக் குழிகள். 7x50 (7 மடங்கு, 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) போன்றதைச் சுவரில் சாய்த்துப் பிடித்தால் 1610-இல் கலிலியோ பார்த்த வியாழனின் நான்கு நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் அது சின்னக் கைக்குக் கனம், பெரியவர் பிடித்துக்கொடுக்க வேண்டும். சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது. குழந்தை கையில் கொடுக்கும் முன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை அதுதான்.

புதுவரவு:
இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் படிப்பு, விளையாட்டு, நிரல் எழுதுவது எல்லாமே அதிலேயே இருக்கிறதே.

இரட்டைவால்:
டேப்லெட் நல்லதா கெட்டதா என்று நான் சண்டைக்கு வரவில்லை. எத்தனை மணி நேரம், எந்தச் செயலி, எப்போது பிடுங்குவது என்று தினமும் முடிவெடுக்கப் போவது அந்த அம்மாவும் அப்பாவும். அந்த முடிவை அத்தை பரிசுக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கக் கூடாது. அவர்களே கேட்டால் வேறு விஷயம்.

மூன்றாம் சக்கரம்:
அப்பாவாக என் பங்குக்கு. எங்கள் பையனுக்கு யார் யாரோ நிறத்தை வைத்து ஆடும் பலகை விளையாட்டு கொடுத்தார்கள். அவன் ஆடவே மாட்டான், காயைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். தோற்கப் பிடிக்காத பையன் என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். கண் மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களுக்குத்தான் மிக அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியில் பார்த்தால் ஆண்களில் ஏறக்குறைய 12-க்கு ஒருவர், பெண்களில் 200-க்கு ஒருவர். மற்ற இனங்களில் கொஞ்சம் குறைவு. இப்போது காய்களில் புள்ளி, கோடு, வட்டம் என்று பேனாவால் போட்டு வைத்திருக்கிறோம். தினமும் ஆடுகிறான், ஜெயிக்கவும் செய்கிறான்.

அவன் கேட்டு வாங்கியது ஒரே ஒரு பொருள், துணிப் பொம்மை. தூங்க வைக்க. பையனுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கிக் கொடுத்தோம். கிழிந்து இரண்டு முறை தைத்தாயிற்று, இன்னும் பக்கத்தில்தான் படுக்கிறது.

பெட்டிக்குள் பெட்டி:
கழற்றிப் பார்ப்பது என்றதும் ரைட் சகோதரர்கள் நினைவு வருகிறது. 1878-இல் அவர்களுடைய அப்பா ஒரு பறக்கும் பொம்மையோடு வீட்டுக்கு வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் பட்டை, அவ்வளவுதான். வில்பருக்கு 11 வயது, ஆர்வில்லுக்கு 7. அது உடையும்வரை விளையாடிவிட்டு, தாங்களே அதே மாதிரி செய்து பார்த்தார்கள். பறப்பதில் தங்களுக்கு ஆர்வம் வந்தது அதிலிருந்துதான் என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். யாருக்குத் தெரியும், இவனும் பெரிய பொறியாளர் ஆகலாம்!

எண்ணும் எழுத்தும்:
அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், வகுப்பில் சொல்வேன். எனக்கு அதில் பிடித்த இடம், பொம்மை உடைந்ததற்கு யாரும் அவர்களை அடித்ததாகக் கதையில் வராதது. ஆனால் தயவுசெய்து பரிசைக் கொடுக்கும்போது "நீ பெரிய இன்ஜினியர் ஆகணும்" என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடத்திலிருந்து அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து அவன் கருவியைப் போட்டுவிட்டு மண்புழுவைத் தேடிப் போனால், அத்தை ஏமாந்துபோவாள் என்ற பயம் அவனுக்கு இருக்கக் கூடாது. "உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமா?" போதும், அவனுடைய வார்த்தையே அது.

இன்னொன்று. முடிந்தால் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் தரையில் உட்காருங்கள். அவன் செய்வதைச் செய்ய விட்டு, கேட்டால் மட்டும் கை கொடுங்கள்.

இரட்டைவால்:
அண்ணிக்காக ஒரு யோசனை. பச்சை வட்டம் ஒட்டும் தாள் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை வட்டம் இருப்பதை மட்டும் கழற்றலாம். ஒட்டும் உரிமை அம்மாவுக்கும் அப்பாவுக்கும். வீட்டில் எது வீணாகிறதோ அவர்கள் ஒட்டி அவன் மேசைமேல் வைக்கட்டும். என் சின்னவன் சுவரில் கிறுக்கியபோது இப்படித்தான் அட்டைகளில் ஒட்டி வழிக்குக் கொண்டுவந்தேன். "தொடாதே" என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட "இதைத் தொடலாம்" என்று ஒருமுறை காட்டுவது அவனுக்கும் எனக்கும் சுலபமாக இருந்தது.

தூரத்து அத்தை:
முடிவு செய்துவிட்டேன். தச்சன் மகன் சொன்ன மூன்று ஸ்க்ரூட்ரைவர், கண்ணாடி, ஒரு வெள்ளைத் துணி, இறுக்கமான மூடி போட்ட டப்பா, பச்சை வட்டங்கள். அலுவலகத்தில் கேட்டதில் இரண்டு பழைய மவுஸ் கிடைத்தன. கடிகாரம் என் வீட்டிலேயே ஓடாமல் இருந்தது, காந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டேன். அண்ணியிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அண்ணன் கொஞ்சம் தயங்கினான். கத்தி முனையைவிட இது மேல் என்று அண்ணிதான் சொன்னாள்.

தச்சன் மகன்:
வெள்ளைத் துணி நல்ல யோசனை, கறுப்பு ஸ்க்ரூ அதில் தெளிவாகத் தெரியும், உருளவும் செய்யாது. இன்னும் ஒன்று செய்யுங்கள். ஒரு தாளில் பொருளின் உருவத்தை அவனையே வரையச் சொல்லுங்கள். எந்த மூலையில் கழற்றிய ஸ்க்ரூவோ, அந்த மூலையிலேயே தாளில் ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். நீளமும் குட்டையும் கலந்தால் திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக் விரிந்துவிடும்.

தூரத்து அத்தை:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். போய்வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் அவன் சத்தம் போடவில்லை, குதிக்கவில்லை. எனக்கு ஒரு நிமிடம் பயமாகிவிட்டது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்து முனையை விரலால் தடவினான். "அத்தை, இது நெசமாவே நெசமா?" என்றான். ஆமாம் என்றேன். உடனே தகர டப்பாவை எடுக்க ஓடினான்.

மவுஸில் இரண்டு ஸ்க்ரூ அடியில் ஒட்டியிருந்த வழுக்குத் தாளுக்குக் கீழே ஒளிந்திருந்தன. எனக்கும் அது தெரியாது. திறக்கவில்லையே என்று நான் கையை நீட்டப் போனேன், எண்ணும் எழுத்தும் சொன்னது நினைவுக்கு வந்து இழுத்துக்கொண்டேன். அவன் மவுஸைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினான், கவிழ்த்தான், விரல் நுனியால் அடிப்பக்கத்தை அழுத்தி அழுத்திப் போனான். ஓர் இடத்தில் பள்ளம் அமுங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

உருட்டும் சக்கரம், அதன் ஸ்பிரிங், சிவப்பு விளக்கு என்று துணியில் வரிசையாகப் பரப்பி வைத்தான். பாப்பா தூங்கி எழும் நேரம் ஆனதும் அவனே எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கினான். அண்ணன் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், அப்புறம் வந்து உட்கார்ந்தான். ஒளித்து வைத்திருந்த அந்த டார்ச்சை எடுத்து, பச்சை வட்டம் ஒட்டி, அவன் முன்னால் வைத்தான்.

நேற்று போன் வந்தது. டார்ச் எரிகிறதாம். ஆனால் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்திருக்கிறது, எதற்கென்று தெரியவில்லையாம். தச்சன் மகனிடம் கேட்கச் சொன்னான்.

தச்சன் மகன்:
மிச்சம் வந்த ஸ்க்ரூ எவ்வளவு நீளம்? விரல் நகத்தின் அகலத்தைவிடக் குட்டையாக இருந்தால் பேட்டரி மூடியினுடையதாக இருக்கும். அது இல்லாமலும் எரியும், கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும்.

இரவுப்பணி:
அது பேட்டரி மூடியினுடையது என்றால் இன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூவும் தரையில் இருக்க வேண்டாம், பேட்டரியும் பாப்பா கைக்கு எட்ட வேண்டாம்.

தூரத்து அத்தை:
போன் செய்தேன். மூடியினுடையதுதான். "ஓட்டை இங்க இருக்கு அத்தை" என்று அவனே கண்டுபிடித்து, நான் லைனில் இருக்கும்போதே மாட்டினான். இறுக்குவதற்கு ரொம்ப நேரம் எடுத்தது. காத்திருந்தேன்.